அரிக்காத தேமல்

நமுனுகுல மலைச்சாரலில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் நான், அவர்தம் எழுத்தைப் பார்க்குமுன் விரலிடுக்கைப் பார்க்கப் பழகியிருக்கிறேன். ஏட்டில் இல்லாத செய்தி சில தோலில் எழுதியிருக்கும்.

விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சிறு கொப்புளங்கள். இரவில் உறங்கவிடாத அரிப்பு. இது சொறி. கண்ணுக்கு எளிதிற் புலப்படாத சிற்றுண்ணி தோலைத் துளைத்து முட்டையிடுவதால் வருவது. பலர் ஓரறையில் உறங்கும் லயத்து வாழ்வில், ஒருவருக்கு மட்டும் மருந்திடுவதாற் பயனில்லை. அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டார் அனைவரும் ஒரே நாளில் வைத்தியர் சொன்னபடி மருந்து பூச வேண்டும். உடுதுணியையும் படுக்கைத் துணியையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். உண்ணி மாண்ட பின்னும் அரிப்புச் சில வாரம் நீடிக்கலாம், அஞ்ச வேண்டுவதில்லை.

விளிம்பு சிவந்து தடித்து, நடுவே தெளிந்து, வட்டமாய்ப் பரவுவது படர்தாமரை. ஈர உடையோடு கொழுந்து பறிப்போரை இப்பூஞ்சணம் எளிதிற் பற்றும். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீரொயிட் கலந்த களிம்பு, சிவப்பைத் தணித்து நோயை வளர்த்துவிடும்.

அரிக்கும் நோய் தன்னைத் தானே அறிவித்துவிடும். யான் அஞ்சுவது அரிக்காத தேமலையே. நிறம் வெளிறியோ சற்றுச் சிவந்தோ தோன்றி, தொட்டால் உணர்ச்சி குன்றியிருக்கும் படை, தொழுநோயின் அடையாளமாகலாம். நோவில்லாமையால் எவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. நரம்பு கெட்டு விரல் மடங்கிய பின்னரே வைத்தியசாலை நினைவு வருகிறது. இழந்த உணர்ச்சியோ பலருக்குத் திரும்புவதில்லை.

இந்நோய்க்கு அஞ்சி மனிதரை ஒதுக்கிய வரலாறு நமக்குண்டு. ஒல்லாந்தர் ஹெந்தளையில் தொழுநோயாளர் இல்லத்தைக் கட்டியது 1708-இல். நோய்க்குக் காரணம் ஒரு கிருமியே என நோர்வே நாட்டு ஹான்சன் கண்டது 1873-இல். இலங்கையில் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியது 1983-இல். ஆறு அல்லது பன்னிரண்டு மாதம் உட்கொள்ளும் அம்மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. உட்கொள்ளத் தொடங்கிய சின்னாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் அபாயம் நீங்குகிறது. ஆயினும் ஆண்டுதோறும் புதிய நோயாளர் காணப்படுகின்றனர். அவருட் சிறாரும் உளர்.

மருந்து வந்துவிட்டது; வெட்கம் போகவில்லை. தேமலைச் சட்டைக்குள் மறைக்கும் பிள்ளையைத் தனியே அழைத்து, பிறர் அறியாவண்ணம் பெற்றோருக்குச் சொல்லி, பதுளை வைத்தியசாலைக்கு அனுப்பிவைப்பதும் ஆசிரியர் கடமையே. வகுப்பில் வைத்துக் கேட்டுவிட்டாலோ, அப்பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வராது. நோய் மட்டும் வளரும்.