எந்த நார், எவ்வளவு நார்?

சித்தூர்ப் பக்கம் மதியத்துக்குக் கேழ்வரகு சங்கடி (களி உருண்டை), தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னி, ஓரத்தில் புளிச்சக்கீரை. நார்ச்சத்துக்குக் குறைவே இல்லாத தட்டு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் 11 கிராமுக்கு மேல் நார் உண்டு. தீட்டிய அரிசியில் 3 கிராம்கூடத் தேறாது. மலச்சிக்கலுக்கும் சர்க்கரைக்கும் இந்தச் சாப்பாடு நல்லதுதான். ஆனால் எரிச்சல் குடல் நோய் உள்ள சிலருக்கு இதே சங்கடி சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பி வலிக்கிறது.

ஸ்கேனில் ஒன்றும் தெரியாது, எண்டோஸ்கோப்பியும் சுத்தமாக இருக்கும். அதனால் “எல்லாம் மனசுதான்” என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அது அநியாயம். இவர்களின் குடல் நரம்புகள் கூடுதல் உணர்ச்சி கொண்டவை. மற்றவர்களுக்குத் தெரியாமல் கடந்துபோகும் வாயு இவர்களுக்கு வலியாகிறது.

இவர்களிடம் “நார்ச்சத்தைக் கூட்டுங்கள்” என்று மொட்டையாகச் சொல்வது போதாது. எந்த நார் என்று சொல்ல வேண்டும். கேழ்வரகில் உள்ள 11 கிராமில் ஒன்பதரை கிராம் நீரில் கரையாதது. கோதுமைத் தவிட்டு நாரிலும் பெரும்பகுதி அப்படித்தான். 1994இல் மான்செஸ்டர் மருத்துவர்கள் 100 நோயாளிகளிடம் தவிடு பற்றிக் கேட்டபோது, 55 பேர் தொல்லை கூடியது என்றார்கள். குணம் கண்டவர்கள் 10 பேர்தான். 2009இல் நெதர்லாந்தில் 275 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, தினம் 10 கிராம் வீதம் இசப்கோல், தவிடு, ஒப்பீட்டுக்கு அரிசி மாவு என்று 12 வாரம் கொடுத்தார்கள். பலன் தந்தது இசப்கோல். தவிட்டுக் குழுவில்தான் அதிகம் பேர் பாதியில் விலகினார்கள். இசப்கோல் நீரை இழுத்துக் கூழாகிறது. குடலில் அவ்வளவாகப் புளிப்பதில்லை, அதனால் வாயுவும் குறைவு. நம் குஜராத்தில் விளைவது, எந்த மருந்துக்கடையிலும் கிடைப்பது. அரை ஸ்பூனில் தொடங்கி, வாரம் ஒரு முறை சிறிது கூட்டலாம். நிறையத் தண்ணீரோடு குடிக்க வேண்டும். உலர்ந்த தூளாக விழுங்கினால் தொண்டை அடைக்கும்.

கரையும் நாரிலும் வம்பு உண்டு. வெங்காயம், பூண்டில் உள்ள ஃபிரக்டான் கரையக்கூடியதுதான், ஆனால் பெருங்குடலில் வேகமாகப் புளித்து வாயுவைக் கிளப்பும். கடலைப்பருப்பிலும் ராஜ்மாவிலும் இதன் உறவினர்கள் இருக்கிறார்கள். மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த நோயாளிகளுக்கென வகுத்த உணவுமுறைக்கு அடிப்படை இதுவே. திருமலைப் பெருமாள் பிரசாதத்தில் வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை. மரபு வேறு காரணத்துக்கானது. ஆனாலும் அங்கே புளியோதரை சிலருக்குத் தொந்தரவின்றி இறங்க இதுவும் ஒரு காரணமாகலாம். லட்டு வேறு கதை: கடலை மாவு, முந்திரி. வாயில் போட ஒரு துண்டு போதும்.

வீட்டில் பூண்டு மணம் வேண்டுமென்றால் பற்களை எண்ணெயில் வதக்கி எடுத்துவிடலாம். ஃபிரக்டான் எண்ணெயில் கரையாது, மணம் மட்டும் தங்கும். சங்கடியில் எப்படியும் அரிசி சேர்கிறது. அதன் பங்கைக் கூட்டி உருண்டையைச் சிறிதாக்கினால் சங்கடியை விட வேண்டியதில்லை.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கும் வலி இருந்தால் உணவுச் சோதனையில் நாள் கடத்தாமல் குடல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றவர்களும் வெங்காயத்தையும் பருப்பையும் ஆயுளுக்கும் ஒதுக்கக் கூடாது. நல்ல நுண்ணுயிர்களுக்கு அவைதான் தீனி. நான்கிலிருந்து ஆறு வாரம் நிறுத்தி, வயிறு அடங்கியதும் ஒவ்வொன்றாக, சிறிது சிறிதாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கலாம்.