ஆலைத் தரைக்குச் சட்டம் உண்டு, வீட்டுத் தரைக்கு?

வல்லக்கோட்டையைச் சுற்றி ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர் என விரியும் தொழிற்பேட்டைகளில் காரும் லாரியும் டயரும் தயாராகின்றன. அங்கே தரையில் எண்ணெய் சிந்தினால் உடனே துடைத்தாக வேண்டும். வழுக்கியும் விழாமல் தப்பியவரின் கதையைக்கூட ‘நியர் மிஸ்’ என்று எழுதிவைத்துக் காரணம் தேடுவது நல்ல ஆலைகளின் வழக்கம். தரையும் படியும் வழுக்காமல், தடையின்றி இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 32-ஆம் பிரிவில் அன்றே சொல்லிவிட்டது. அந்த ஆலைத் தொழிலாளியின் தாயார் வீட்டுக் குளியலறையில் விழுந்தால் மட்டும், “வயசாயிடுச்சு, என்ன செய்ய?” என்கிறோம். ஆலைக்குள் விபத்து எனப்படுவது வீட்டுக்குள் தலையெழுத்தாகிவிடுகிறது. முதலில் மாற வேண்டியது இந்த எண்ணம்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், கீழே விழுந்து இறப்பவர்கள் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர். இவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் நம்முடையதைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். உயரத்திலிருந்து விழுபவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. ஆனால் இறப்பவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். எலும்பு தேய்ந்த உடலுக்கு, நின்ற இடத்திலேயே சாய்வதுகூடப் பெரிய அடிதான்.

முதுமையில் விழுவது இயல்புதானே என்று கேட்கலாம். முதுமையைத் தடுக்க முடியாது. ஆனால் விழுவதற்கான காரணங்களில் பல தடுக்கக்கூடியவை. சர்க்கரை நோயால் மரத்த பாதம், கண்புரை, தூக்க மாத்திரை, எழுந்தவுடன் இறங்கும் ரத்த அழுத்தம், வழுவழுப்பான டைல்ஸ், இருட்டில் கழிப்பறைக்குச் செல்லும் வழி ஆகியவற்றில் இரண்டு மூன்று ஒன்றுசேரும்போதுதான் பெரும்பாலும் கால் இடறுகிறது. ‘நடந்தால்தானே விழுவார்கள், உட்காரவைத்துவிடுவோம்’ என்ற அக்கறை தவறான பலனையே தரும். நடக்காத காலில் வலு குறையும். வீட்டில் வாழும் முதியவர்களிடம் உடற்பயிற்சி விழும் எண்ணிக்கையை ஏறக்குறைய 23 சதவீதம் குறைப்பதாக 2019-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சிகளே அதில் முக்கியம். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதற்குச் செலவு எதுவும் இல்லை. கழிப்பறைச் சுவரில் கைப்பிடி, இரவு விளக்கு, வழுக்காத மிதியடி ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, ஓர் அறுவை சிகிச்சைக்கு முன் மிகச் சிறியது.

விழுந்த பிறகு நாம் செய்யும் தாமதமும் ஆபத்தானது. ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். இழுக்காமல், உருவிவிடாமல் 108-ஐ அழைக்க வேண்டும். புத்தூர் கட்டில் கை எலும்பு கூடியதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் இடுப்பு மூட்டு முறிவை வெளியிலிருந்து கட்டி அசையாமல் நிறுத்த முடியாது. மாதக்கணக்கில் படுத்தால் படுக்கைப் புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டு என்று வரிசையாக வரும். 80 வயதில் ஆபரேஷனா என்று அஞ்சுகிறோம். பெரும்பாலானோருக்கு அறுவை சிகிச்சையைவிடப் படுக்கைதான் பெரிய ஆபத்து. முடிந்தவரை இரண்டு நாட்களுக்குள் அறுவை சிகிச்சை செய்து, மறுநாளே எழுப்பி நிறுத்துவதுதான் இன்றைய மருத்துவ நெறி. தலையில் அடிபட்டவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரானால், நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சில வாரங்கள் கழித்துத் தலைவலியோ குழப்பமோ வந்தாலும், மூளையைச் சுற்றி மெல்லக் கசிந்த ரத்தம் காரணமாக இருக்கலாம்.

ஷிப்ட் வேலைக்குப் பிள்ளைகள் போய்விட, பெரியவர்கள் தனித்திருக்கும் வீடுகளுக்கு இன்னொரு கவலையும் உண்டு. விழுந்தவர் எழ முடியாமல் மணிக்கணக்கில் கிடந்தால் தசை சிதைந்து சிறுநீரகமும் கெடலாம். அலைபேசி அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் ஒரு சாவி இருக்க வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவம் வீடு தேடி வருகிறது. விழுந்தவர்களுக்கு மட்டுமின்றி, விழக்கூடியவர்களுக்கும் அது சமநிலைப் பயிற்சி தர வேண்டும். ஆலையில் தினமும் தரையைச் சோதிக்கும் கண்களால், இன்று மாலை உங்கள் வீட்டுக் குளியலறையையும் ஒருமுறை பாருங்கள். கடந்த ஓராண்டில் எங்காவது தடுமாறினீர்களா என்று உங்கள் அம்மாவிடமும் அப்பாவிடமும் கேளுங்கள்.