பேர் எழுதி ஒட்டுங்க!



கோவை கணபதியில் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. கிரைண்டருக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிறோம். பட்டறைக்கு முன்னால் இருக்கும் பத்துக்குப் பத்து அறைதான் ஆபீஸ். பீரோ நிறைய ஃபைல். மூலையில் மூட்டை மூட்டையாகப் பழைய பில். "எது எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். நீ கை வெக்காத அம்மிணி" என்பார் என் கணவர். நானும் கை வைத்ததில்லை.

போன வருடம் ஒருநாள் அவருக்குத் திடீரென்று நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் இன்சூரன்ஸ் பாலிசியைக் கேட்டார்கள். அவரோ ஐ.சி.யூ.வில்! ஆபீசுக்கு ஓடி வந்து தேடினால், எந்த ஃபைல் மேலும் ஒரு எழுத்து இல்லை. இரவு பதினொரு மணிக்கு, பழைய பஞ்சாங்கத்துக்குள் இருந்து பாலிசி கிடைத்தது. அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மறுநாள் சம்பள நாள். "அட்வான்ஸ் நோட்டு எங்கீங்கக்கா?" என்று பையன்கள் கேட்டபோதும் முழித்தேன். எல்லாமே அவர் தலைக்குள்தானே இருந்தது!

கடவுள் புண்ணியத்தில் அவர் நல்லபடியாக வீடு திரும்பினார். அவர் ஓய்வில் இருந்த இரண்டு மாதத்தில், பள்ளி நோட்டுக்கு ஒட்டும் லேபிளை வாங்கி ஆபீஸ் முழுக்க ஒட்டினேன். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

* ஃபைலின் முன்பக்கம் ஒட்டாமல், முதுகுப் பக்கம் ஒட்டுங்கள். அடுக்கி வைத்தால் அதுதான் கண்ணில் படும்.

* "மற்றவை" என்று மட்டும் எழுதாதீர்கள். நான் எழுதினேன், ஒரே மாதத்தில் பாதி காகிதம் அதற்குள் போய்விட்டது!

* எதுவரை வைத்திருக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். ஜி.எஸ்.டி. கணக்குகளை, அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். எனவே எங்கள் 2023-24 ஃபைலில் "31.12.2030 வரை" என்று எழுதியிருக்கிறேன். வழக்கு, அப்பீல் இருந்தால் இன்னும் அதிக நாள் வைக்க வேண்டும்.

* தமிழில், பெரிய எழுத்தில் எழுதி, மேலே செலோ டேப் ஒட்டுங்கள். பட்டறை எண்ணெய்க் கை பட்டாலும் அழியாது.

இதைக் கேட்டு, நூலகத்தில் வேலை பார்க்கும் என் நாத்தனார் சிரித்தாள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது 1933-ல் 'கோலன் பகுப்பு முறை'யை வெளியிட்டாராம். அந்த மாதிரி ஒரு முறைப்படிதான் புத்தகத்தின் முதுகில் எண் ஒட்டுகிறார்களாம். "அண்ணி, அது நூலகருக்காக இல்லீங்க, தேடி வர்றவங்களுக்காக" என்றாள். எனக்குச் சுரீர் என்றது. வைத்தவருக்கு லேபிள் தேவையில்லை. அவர் இல்லாத நேரத்தில் தேடுபவருக்குத்தான் தேவை.

"ஆபீசை மளிகைக் கடையாட்டம் பண்ணீட்டியே" என்று முதலில் முணுமுணுத்தார் என் கணவர். இப்போது புது ஃபைல் வாங்கினால் அவரே பேனாவைத் தேடுகிறார். அவரை மட்டும் குறை சொல்வானேன்? நான் ஊருக்குப் போனால் அவருக்குக் காபிப்பொடி டப்பா எதுவென்று தெரியாது. அதிலும் ஒட்டிவிட்டேன்!

உங்கள் வீட்டுப் பத்திரம், பாலிசி எல்லாம் எங்கே இருக்கிறதென்று இன்றைக்கே கேட்டு, பேர் எழுதி ஒட்டுங்களேன்.

- ஒரு வாசகி, கணபதி, கோவை.