பெண் குழந்தைக்கு யாரும் வைக்காத பெயர் வேண்டுமா?

பவானியில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் இளம் தந்தை ஒருவர் நம்மிடம் வந்தார். பெண் குழந்தை பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஏழாம் நாள் அகீகா கொடுத்து, பெயர் வைப்பதாக ஏற்பாடு. “ஹஜ்ரத், எங்க சொந்தத்துலயும் சரி, நாளைக்கு அவ படிக்கற ஸ்கூல்லயும் சரி, யாருக்கும் இல்லாத பேரா இருக்கோணுங்க” என்று சொல்லி, கைபேசியில் சேர்த்து வைத்திருந்த பெயர்களைக் காட்டினார். எல்லாமே காதுக்கு இனிமையாக இருந்தன. அவற்றில் ஒன்று ‘ஹாவியா’. குர்ஆனில் வரும் பெயர் என்று பக்கத்தில் குறிப்பும் இருந்தது.

குர்ஆனில் வருவது உண்மைதான். 101-ஆவது அத்தியாயமான அல்காரிஆவில், நன்மையின் எடை குறைந்துபோனவர்கள் சென்று சேரும் நரகப் படுகுழியைக் குறிக்கும் சொல் அது. இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. மற்ற பெயர்களையும் அவருடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அன்று அவரிடம் பேசியவை மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

அபூர்வமான பெயர் வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை. ஒரே வகுப்பில் நான்கு ஆயிஷா, மூன்று பாத்திமா இருக்கும் காலம் இது. ஆனால் அபூர்வம் என்பது புதிதாக ஓர் ஓசையைக் கண்டுபிடிப்பது அல்ல. நம் வரலாற்றில் பெரும் பணி செய்த பெண்மணிகளின் பெயர்கள், எடுத்துச் சூட்ட ஆளில்லாமல் இருக்கின்றன.

எழுத்து மாறினால் பொருள் மாறும்

அரபியில் தனித்தனியாக ஒலிக்கும் பல எழுத்துகள் தமிழில் ஒரே எழுத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஸீன், ஸாத், ஸா என எதுவானாலும் நாம் ‘ஸ’ என்றுதான் எழுதுகிறோம். ஐன் எழுத்தும் அலிஃபும் தமிழில் ஒன்றாகிவிடுகின்றன. தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிய பட்டியலை மட்டும் பார்த்துப் பெயரை முடிவு செய்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

‘ஸஹர்’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நோன்பு வைக்கும் எல்லோருக்கும் தெரிந்த சொல். வைகறைக்கு முந்திய நேரம். பெண்ணுக்கு அழகான பெயர். ஆனால் நடுவில் உள்ள ஹா எழுத்து மாறினால், தூக்கமின்றி விழித்திருத்தல் என்று பொருளாகும். உயிர்க்குறி மாறி ‘ஸிஹ்ர்’ என்றானால் சூனியம். ஹாவுக்குப் பதில் காஃப் வந்து ‘ஸகர்’ என்றானால், அது குர்ஆன் கூறும் நரகத்தின் பெயர்களில் ஒன்று.

‘கலீலா’ என்பதும் அப்படித்தான். ஓர் எழுத்தில் உற்ற தோழி. வேறோர் எழுத்தில் கொஞ்சம், சொற்பம். ஆகவே பெயரைத் தேர்ந்தெடுத்ததும் அதை அரபியில் எழுதித் தரும்படி உங்கள் மஹல்லா இமாமிடம் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. குழந்தைக்கு அது ஆயுள் முழுவதும் பயன்படும்.

நபிகளார் மாற்றிய பெயர்கள்

உமர் (ரழி) அவர்களின் மகள் ஒருவருக்கு ‘ஆஸியா’ என்று பெயர் இருந்தது. ஐன், ஸாத் எழுத்துகளால் ஆன அந்தச் சொல்லுக்கு மாறு செய்பவள் என்று பொருள். நபி (ஸல்) அவர்கள் அதை ‘ஜமீலா’ என்று மாற்றினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. ஃபிர்அவ்னின் மனைவியான ஆஸியா (அலை) அவர்களின் பெயரோ அலிஃப், ஸீன் கொண்டது. அது சிறப்பான பெயர், தாராளமாக வைக்கலாம். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம்.

‘பர்ரா’ என்றால் புண்ணியவதி. தன்னைத் தானே தூய்மையானவள் என்று சொல்லிக்கொள்வது போல் இருக்கிறது என்பதால் அதையும் நபியவர்கள் மாற்றினார்கள். ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி), ஜுவைரிய்யா (ரழி) ஆகிய இருவருக்கும் முன்பு அந்தப் பெயர்தான் இருந்தது.

மாற்றாமல் விட்ட பெயர்களையும் கவனிக்க வேண்டும். ‘கதீஜா’ என்பதற்குக் குறைமாதத்தில் பிறந்தவள் என்பது அகராதிப் பொருள். ‘ருமைஸா’ என்ற பெயருக்குப் பூங்கொத்து என்று இணையத்தில் போட்டிருப்பார்கள். அரபு அகராதியில் அப்படி இல்லை. ‘ரமஸ்’ என்றால் கண்ணோரத்தில் படியும் வெண்மை. அதிலிருந்து வந்த செல்லப் பெயர் அது. நபியவர்கள் இவற்றை மாற்றவில்லை. பாவத்தையோ இணைவைப்பையோ தற்பெருமையையோ குறிக்கும் பெயர்தான் கூடாது. எல்லாப் பெயருக்கும் பூ, நிலா, தேவதை என்று பொருள் இருந்தாக வேண்டியதில்லை. கதீஜா (ரழி) வாழ்ந்த வாழ்க்கையால் அந்தப் பெயர் உயர்ந்தது. அகராதியில் உள்ள பொருளை யாரும் நினைப்பதுகூட இல்லை.

அரிதான சில பெயர்கள்

ருமைஸா: அனஸ் (ரழி) அவர்களின் தாயார் உம்மு சுலைம் (ரழி) அவர்களின் பெயர். அபூதல்ஹா பெண் கேட்டபோது, அவர் இஸ்லாத்தை ஏற்பதே தமக்கு மஹர் என்றார்கள். சுவனத்தில் இவர்களைக் கண்டதாக நபியவர்கள் கூறியது புகாரியில் உள்ளது.

நுஸைபா: வமிசம் என்று பொருள்படும் ‘நஸப்’ என்ற வேரில் பிறந்தது. ஹிஜ்ரி 3-இல் உஹதுப் போரில் நபியவர்களைச் சுற்றி நின்று வாளேந்திக் காத்தவர்களில் ஒருவரான உம்மு உமாரா (ரழி) அவர்களின் பெயர்.

ருஃபைதா: உதவி, ஆதரவு என்ற வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. மதீனாப் பள்ளிவாசலில் கூடாரம் அமைத்துக் காயம்பட்டோருக்கு மருத்துவம் செய்த பெண்மணி. ஹிஜ்ரி 5-இல் அகழ்ப்போரில் காயமடைந்த ஸஅத் பின் முஆத் (ரழி) அங்கேதான் சேர்க்கப்பட்டார்கள்.

ஷிஃபா: நோய் தீர்தல். எழுத்தறிவு அபூர்வமாக இருந்த காலத்தில் எழுதத் தெரிந்தவர் ஷிஃபா பின்த் அப்தில்லாஹ் (ரழி). அன்னை ஹஃப்ஸா (ரழி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர்.

கவ்லா: பெண் மான். கணவர் சொன்ன சொல்லால் தமக்கு நேர்ந்த அநீதியை நபியவர்களிடம் முறையிட்டவர் கவ்லா பின்த் ஸஅலபா (ரழி). அவர் முறையீட்டை அல்லாஹ் கேட்டதாகச் சொல்லித்தான் 58-ஆவது அத்தியாயம் தொடங்குகிறது.

ஹாலா: நிலவைச் சுற்றித் தோன்றும் ஒளிவட்டம். அன்னை கதீஜா (ரழி) அவர்களின் சகோதரியின் பெயர். இவரது குரலைக் கேட்டதும் மறைந்த மனைவியின் நினைவு வந்து நபியவர்கள் நெகிழ்ந்தார்கள்.

ஷைமா: உடலில் மச்சம் உள்ளவள். நபியவர்களின் பால்குடிச் சகோதரி. பல்லாண்டு கழித்து அவர் வந்தபோது, நபியவர்கள் தம் மேலாடையை விரித்து அதில் அமரச் செய்தார்கள். வீட்டுக்கு வந்தவருக்கு ஜமக்காளம் விரித்து உட்காரச் சொல்லும் நம் பவானிக்காரர்களுக்கு, அந்த மரியாதையின் எடை தெரியும்.

லுபாபா: உள்ளீடு, சாரம். இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் தாயார் பெயர்.

குர்ஆனிலிருந்தே வேண்டுமென்றால் சுவன ஊற்றுகளான ஸல்ஸபீல், தஸ்னீம். அடர்ந்த கிளைகளைக் குறிக்கும் அஃப்னான். மன அமைதியைக் குறிக்கும் ஸகீனா ஆகியவை உள்ளன. அரபியாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் மார்க்கத்தில் இல்லை. பனித்துளி என்னும் ஷப்னம், கார்த்திகை விண்மீன் கூட்டம் என்னும் பர்வீன் ஆகியவை பாரசீகப் பெயர்களே.

நன்னிமார்களின் பெயர்கள்

பழசு என்று நாம் ஒதுக்கிய பெயர்கள் இன்று அபூர்வமாகிவிட்டன. மைமூன் என்றால் பரக்கத் பெற்றவர். பல்கீஸ் என்பது ஸபா நாட்டு அரசியின் பெயராக அறியப்படுவது. ஜைனம்பு என்பது ஜைனப் என்ற பெயர் தமிழ் நாவில் பழகி வந்த வடிவம். நறுமணம் கமழும் ஒரு மரத்தின் பெயர் என்பர். நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் ‘காதலா கடமையா’ என்ற நாவலை வெளியிட்டார். அவர் பெயரில் உள்ள ‘சித்தி’ சின்னம்மாவைக் குறிப்பது அல்ல. ‘என் தலைவி’ என்று பொருள்படும் அரபு மரியாதைச் சொல் அது. குழந்தையின் நன்னி பெயரை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். நீங்கள் தேடும் பெயர் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம்.

பதிவு செய்யும் முன்

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆனால் பெயர் முடிவாகவில்லை என்றால் பெயரில்லாமலே பதிவு செய்யலாம். பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டு வரை சேர்க்க இடமுண்டு. எனவே மருத்துவமனையில் கேட்கிறார்கள் என்று அவசரப்பட்டு எதையாவது சொல்லிவிட வேண்டாம்.

2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு போன்றவற்றுக்கெல்லாம் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் தெளிவாக எழுதிக்கொண்டு போங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த, பிறகு நகராட்சிக்கும் பள்ளிக்கும் அலைய நேரிடும்.

தவறான பொருளுள்ள பெயர் முன்பே வைத்தாகிவிட்டது என்றால் கலங்க வேண்டாம். நபியவர்கள் பெரியவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறார்கள். ஆவணத்தில் மாற்றச் சிலகாலம் ஆனாலும், வீட்டில் அழைக்கும் பெயரை இன்றே மாற்றலாம். பிள்ளையைக் குற்றவாளிபோல் உணரச் செய்யாமல் அன்போடு செய்யுங்கள்.

அந்தத் தந்தை ஏழாம் நாள் மகளுக்கு ‘ருஃபைதா’ என்று பெயர் வைத்தார். “யாருங்க அந்த ருஃபைதா?” என்று அகீகாவுக்கு வந்தவர்களெல்லாம் கேட்டார்களாம். அவர் கூடாரத்தையும் காயம்பட்டோரையும் பற்றிச் சொன்னாராம். நாளை அந்தப் பிள்ளையும் தன் பெயரைக் கேட்பவர்களுக்கு அதைச் சொல்லும்.

அல்லாஹ் நம் பெண்மக்களை, தங்கள் பெயருக்குரிய நல்லடியார்களின் வழியில் வாழச் செய்வானாக! ஆமீன்.