சார்ஜர் பழுதுற்றால் செய்யத்தக்கவை

தை, மாசியில் முந்திரி பூத்து நிற்கையில் தேயிலைக் கொசு தோன்றிவிட்டால் மருந்தடிப்பதைத் தள்ளிப்போட இயலாது. அந்நேரம் பார்த்துப் பேட்டரித் தெளிப்பான் நின்றுவிடுகிறது. மீன்சுருட்டிப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் பேட்டரியே போயிற்றெனக் கருதிப் புதியது வாங்கினார். மறுவாரம் அதுவும் நின்றது. சார்ஜரின் கம்பி உள்ளே அறுந்திருந்ததைப் பின்னரே கண்டோம். வீண்செலவு ஒருபுறமிருக்க, பூவும் கருகிற்று.

ஆகவே, பேட்டரியைக் குறைகூறுமுன் சார்ஜரைச் சோதித்தல் நலம். அதே பிளக் பாயிண்டில் கைபேசி சார்ஜரைச் செருகி, மின்சாரம் வருகிறதா என அறிக. பின்பு மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, பேட்டரி முனைகளில் அளந்து குறித்துக்கொள்க. சார்ஜரை இணைத்துச் சற்று நேரம் கழித்து மீண்டும் அளந்தால் எண் உயர்ந்திருக்க வேண்டும். 12 வோல்ட் ஈயப் பேட்டரி நிறையும் தறுவாயில் 13.8 முதல் 14.5 வரை காட்டும். சிறிதும் உயராவிடில் கம்பியை முனையருகே மெல்ல வளைத்துப் பார்க்க. எண் துள்ளினால் அங்கேதான் அறுந்திருக்கிறது.

அவ்விடத்தைச் செப்பனிடுவது எளிது. முதலில் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுக. பேட்டரிப் பக்கத்துக் கம்பியில் அறுந்த பகுதியை வெட்டி நீக்கி, சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்த்துப் பற்றவைத்து, இரண்டிற்கும் தனித்தனியே இன்சுலேஷன் டேப் சுற்றுக. நிறம் மாறினால் பேட்டரியும் கெடும்.

சார்ஜர்ப் பெட்டியை மட்டும் திறவாதீர். 230 வோல்ட் அதனுள்ளே ஏறத்தாழ 325 வோல்ட் டி.சி.யாக மாறிக் கண்டென்சரில் தேங்கும்; பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் அங்கேயே இருக்கும். இது உயிர் காரியம். புதிய சார்ஜர் வாங்குவோர் வோல்ட் அளவோடு, அது ஈயப் பேட்டரிக்கா, லித்தியம் பேட்டரிக்கா என்பதையும் கேட்டறிக. ஒன்றுக்கு மற்றொன்று உதவாது.

சார்ஜர் நன்றாயிருந்தும் பேட்டரி சில மணி ஓய்வுக்குப் பின் 12.6 வோல்ட் காட்டாது 10.5 அளவிலேயே நின்றால், ஆறு அறைகளில் ஒன்று செத்ததெனக் கொள்ளலாம். வெறுமையாகவே மாதக்கணக்கில் மூலையில் கிடந்தால் ஈயத் தகடுகளில் உப்புப் படிந்து இறுகிவிடும். தெளிப்பு வேலை இல்லாத காலத்திலும் மாதம் ஒருமுறை மின்னேற்றி வைக்க வேண்டும்.

தறிமேடையில் எமர்ஜென்சி விளக்கு வைத்திருக்கும் நெசவாளர்க்கும் இது பொருந்தும். அவ்விளக்குகளில் பலவற்றின் சார்ஜர் உள்ளேயே அடங்கியிருப்பதால், செருகிய நிலையில் மூடியைக் கழற்றலாகாது.