உங்களுக்குத் தெரியுமா? கண்ணை அளக்க உதவும் நிலப்படக்காரரின் உத்தி

கண்ணாடியைக் கழற்ற லேசர் சிகிச்சைக்குப் போனால், முதலில் கருவிழிப்படலத்தை அளப்பார்கள். அதன் நடுப்பகுதித் தடிமன் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். செதுக்குவது அதற்குள்தான் என்பதால் கணக்கெல்லாம் மைக்ரானில்.

இதற்குப் பெரிதும் பயன்படுவது ஷைம்ப்ஃப்ளூக் கேமரா. ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃப்ளூக் 1904-இல் காப்புரிமை பெற்றது, வானிலிருந்து எடுத்த படங்களின் கோணலைத் திருத்தி நிலப்படம் தயாரிக்க. கண் வைத்தியத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை! லென்ஸையும் படத்தளத்தையும் தக்க கோணத்தில் சாய்த்தால், சாய்வாக இருக்கும் தளமும் முழுக்கத் தெளிவாகப் பதியும் என்பதே அடிப்படை. இந்தக் கேமரா சுழன்றபடியே கருவிழிப்படலத்தின் முன்பரப்பு, பின்பரப்பு இரண்டையும் பதிவுசெய்கிறது. 1880-இல் போர்ச்சுகலின் பிளாசிடோ உருவாக்கிய வட்ட வளையத் தகடு முன்பரப்பின் பிரதிபலிப்பை மட்டுமே காட்டும். படலம் கூம்பு வடிவில் புடைக்கும் கெரட்டோகோனஸ் நோயின் தொடக்கம் பின்பரப்பில் தெரிந்தால், அந்தத் தகட்டின் பார்வைக்குத் தப்பிவிடும்.

ஒளியைக் கொண்டு கண்ணின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் இன்னும் நுணுக்கமானது, கண்ணைத் தொடுவதும் இல்லை. ஆனால் அதன் ஒளி, கண்ணின் நிற வளையமான ஐரிஸின் நிறமியைத் தாண்டாது. ஐரிஸுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கட்டியைப் பார்க்க, கண்ணை மரக்கவைக்கும் சொட்டு விட்டு, 50 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அல்ட்ராசவுண்டைத்தான் நாட வேண்டும்.

ஒரே கண்ணுக்கு இரண்டு கருவிகள் சில மைக்ரான் வித்தியாசத்தில் தடிமன் சொல்வது சகஜம். தொடர் பரிசோதனைக்குப் போகிறவர்கள் முடிந்தவரை அதே கருவியில் அளக்கச் சொல்லிக் கேட்கலாம்.