தேறியவரையும் மாணவிகள் பார்க்கட்டும்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்ததும், குடித்துச் செத்தவர்களுக்கு எதற்கு நிவாரணம் என்று பலர் கேட்டார்கள். இறந்த எல்லோரும் குடிநோயாளிகள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் குடிப்பவரைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்பதை அந்தக் கேள்வி காட்டிவிட்டது. மது, போதைப் பழக்கத்தால் வரும் மனக்கோளாறுகளை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் என்றே வரையறுக்கிறது. ஊர் அதை ஒழுக்கக்கேடு என்கிறது. நர்சிங் சேரும் பெண் ஊரின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள்.

படிப்பு அவளை மாற்றும். பாடப்புத்தகம் மட்டும் மாற்றாது. பி.எஸ்சி. நர்சிங்கில் மூன்றாம் ஆண்டில்தான் மனநலச் செவிலியம் வருகிறது. மனநோய் மீதான வெறுப்பைக் குறைக்கும் வழிகள் பற்றிய 14 நாடுகளின் 72 ஆய்வுகளைப் பாட்ரிக் கோரிகனும் சக ஆய்வாளர்களும் 2012-இல் தொகுத்துப் பார்த்தார்கள். வளரிளம் பருவத்தினரிடம் பாடம் கூடுதலாகப் பலித்தது. பெரியவர்களிடம் நோயை அனுபவித்தவரை நேரில் சந்திப்பதே வெறுப்பைக் கூடுதலாகக் குறைத்தது. நர்சிங் மாணவிகள் இரண்டு வயதுக்கும் நடுவில் நிற்பவர்கள்; அவர்களுக்குப் பாடமும் வேண்டும், சந்திப்பும் வேண்டும். ஆனால் எந்தச் சந்திப்பு? வார்டு போஸ்டிங்கில் அவள் பார்ப்பது நோய் முற்றிய நிலையில் சேர்க்கப்பட்டவர்களை. தேறியவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். மறுபடி நோய் கண்டவரே திரும்பி வருகிறார். இது குணமாகாத நோய் என்ற எண்ணம் அங்கேயே ஊன்றிவிடக்கூடும். வார்டு அனுபவம் தேவைதான். அது மட்டுமே போதும் என்று விடுவதுதான் தவறு.

மனநல மருத்துவர்களே போதாதபோது மாணவியின் மனப்பான்மை எதற்கு என்று கேட்கலாம். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, பெரும்பாலான மனநோய்களில் சிகிச்சை தேவைப்படுவோரில் 70 சதவீதத்துக்கும் மேல் அது கிடைக்காதவர்கள். மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம், வெட்கம் இன்னொன்று. கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ ஒரு மலையாளிப் பழங்குடிக் குடும்பம் தயங்கித் தயங்கி வாய் திறந்தால், முதலில் கேட்பவர் பெரும்பாலும் செவிலியராகவே இருப்பார். அவர் முகம் சுளித்தால் அந்தக் குடும்பம் சிகிச்சைக்கு மலையிறங்காது.

மனப்பான்மை மாறியதா என்று அறிய, போஸ்டிங் முடிவில் கொடுக்கும் கேள்வித்தாளில் ஆசிரியருக்குப் பிடித்த பதிலையே மாணவிகள் எழுதுவார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆகவே வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு கழித்து, நோயாளியிடம் அவர்கள் பேசும் விதத்தை அளக்க வேண்டும். அதற்கு முன், மாவட்ட மனநலத் திட்டத்தில் சிகிச்சை பெறும் ஒருவரை, அவர் சம்மதத்தோடு, ஆசிரியரின் மேற்பார்வையில் ஆறு மாதம் தொடர்ந்து சந்திப்பதைப் படிப்பின் பகுதியாக்கலாம். அவர் வயலுக்கோ கூலிக்கோ மறுபடி போகத் தொடங்கியதும் அந்த மாணவியின் பதிவேட்டில் ஏற வேண்டும்.